கண்மலரும் நல்லெண்ணெயும்

சனிக்கிழமை என்றால் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் விடியும்போதே நல்லெண்ணெய் மணக்கும். என் புருஷன் இவருக்கு வாழ்க்கையில் விட்டுக்கொடுக்க முடியாத காரியங்கள் இரண்டு இருந்தன. ஒன்று நேரத்துக்குக் கந்தோர் வேலைக்குப் போவது, மற்றது சனிக்கிழமையில் எண்ணெய் தேய்த்துத் தோய்வது. அன்று கந்தோர் அரைநாள்தான் என்றாலும் காலையில் போகத்தான் வேண்டும். அதனால் இருட்டோடு நான் எழும்பி, எண்ணெயில் கொஞ்சம் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி வைத்துவிடுவேன். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை அதைப் பூசிக்கொண்டு, நாலுமுழ வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டியபடி பின்வளவில் உலாவுவார். பார்க்கச் சிரிப்பு வரும். சிரித்தால் அவருக்குக் கோபம் வரும். ஆகவே குசினிக்குள் அடுப்படியில் போய்ச் சிரிப்பேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு, ஒரு தை மாதக் கடைசியில், எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. பேபி ஒஸ்டின். மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கடும்பச்சை நிறம். முன் கண்ணாடியில், ஓட்டுகிறவர் பக்கத்தில் மட்டும், ஒரேயொரு வைப்பர். எங்கள் ஒழுங்கையில் அதுவரை கார் வைத்திருந்தவர் மூலை வீட்டு டொக்டர் ஒருவர்தான். அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் காணவில்லை. அதை அவரிடமே சொல்லியும் இருக்கிறேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு உப்புக்காற்றோடு ஓயாத சண்டை. கதவுக் கொண்டி, தையல் மெஷின், சைக்கிள் மணி எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கார் வந்து சில நாட்களிலேயே மட்கார்ட் ஓரத்தில் துரு பொட்டுப் பொட்டாக எழும்பியது. இவருக்கு நித்திரை போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை தான் பூசிய பிறகு கிண்ணத்தில் மிஞ்சியிருந்த எண்ணெயை ஒரு பழைய வேட்டித் துண்டில் தோய்த்துக் காருக்கும் பூசினார். பொனற், மட்கார்ட், கதவுப்பிடி என்று ஒரு இடம் விடாமல் தேய்த்தார். கார் புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. அன்று முதல் சனிக்கிழமை தோறும் இரண்டு பேருக்கும் எண்ணெய் முழுக்குத்தான்.

"உங்கடை தம்பிக்கும் சீயாக்காய் அவிச்சு வைக்கட்டோ?" என்று கேட்பேன்.

"உமக்கு எல்லாம் பகிடி. துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தாப் பிறகு தெரியும்" என்பார்.

இனி, பகிடியில்லாத விஷயம் ஒன்றையும் சொல்லவேண்டும். இவருடைய தகப்பனாருக்கு நாற்பது வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. நான் அந்தக் குடும்பத்துக்குள் வரும்போது அவர் உயிரோடு இல்லை. மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில், விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் போல ஒரு வட்டம் தெரிகிறது என்றாராம். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு பக்கத்தில் வருகிறவர்கள் தெரியவில்லை. பிறகு எதிரில் வருகிறவர்களும் தெரியவில்லை. அப்போது இவர் பள்ளிக்கூடம் போகிற வயது. தகப்பனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிந்தது இவர்தான். அந்த நாட்களைப்பற்றி இவர் என்னிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

கார் வந்த வருடம் இவருக்கு முப்பத்தொன்பது நடந்தது.

மாசி கழிந்து பங்குனி வந்தபோது ஆள் மாறிப்போனார். சுவரிலே தொங்கிய கலண்டருக்கு முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பார், பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்ப்பார். என்னைக் கண்டதும் நெற்றியைச் சொறிகிற மாதிரிக் காட்டுவார். பொழுதுபட்ட பின் காரில் போவதென்றால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழிப்பார். மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கு அப்போது நாலு வயது. ஒருநாள் மத்தியானம் நான் குசினியிலிருந்து வெளியே வர, நடையிலே கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் ஒரு விரலை வைத்தபடி நடந்து வந்தார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"கண்ணுக்குள்ள தூசு."

தூசு விழுந்தவர் கண்ணைக் கசக்குவார், நடை பழகமாட்டார். தகப்பனுக்கு வந்தது தனக்கும் வருகிறது என்று இந்த மனுஷன் நினைக்கிறார் என்று அப்போதே விளங்கிவிட்டது.

கண்ணாஸ்பத்திரிக்கு ஒருக்கால் போய்க் காட்டினால் என்ன என்று கேட்டேன். கந்தோர் எழுத்து வேலையால் கண் களைத்திருக்கும் என்று நயமாகத்தான் சொன்னேன்.

"என்ரை கண்ணுக்கு ஒரு குறையுமில்லை. உம்மடை வாயைத்தான் கொண்டுபோய்க் காட்டவேணும்" என்றார்.

எனக்கும் அந்த நாட்களில் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சட்டியை அடித்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். ஆனால் அவருடைய பயம் எனக்கு விளங்கியது. டொக்டர் வாயால் அதைக் கேட்டுவிட்டால் பிறகு திரும்பி வர வழியில்லை. கந்தோரில் தெரிந்தால் வேலையும் போய்விடும். கேட்காமல் இருக்கும்வரை இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளலாம். அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தார்.

டொக்டரிடம் போகத்தான் அவருடைய சம்மதம் தேவை, கடவுளிடம் போக எனக்கு ஒருவருடைய சம்மதமும் தேவையில்லை. கண்ணில் வருத்தம் வந்தால் வெள்ளியில் கண்மலர் செய்து சாமிக்குச் சாத்துவது எங்கள் சனத்தின் வழக்கம். கண் வடிவத்தில் மெல்லிய வெள்ளித் தகடு, ஒரு சோடி. அதற்கு நேர்ந்துகொண்டு, கொட்டாஞ்சேனையில் இருந்த என் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அக்கா செட்டியார் தெருவில் நகை செய்கிற ஒரு பத்தரிடம் வாங்கி வைத்துவிட்டு, சனிக்கிழமை சாப்பிட வரும்படி ஆள் விட்டா. வைகாசி மாதம் அது. மத்தியானம் கந்தோரால் வந்ததும் வராததுமாக இவரையும் மகளையும் காரில் ஏற்றிக் கிளப்பிவிட்டேன். காலையில் வழக்கம்போல இவரும் காருமாக இரண்டு பேரும் எண்ணெய் முழுகியிருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இவரை அத்தானோடு கதைக்கவிட்டுவிட்டு, அக்காவும் நானுமாகக் கோயிலுக்கு நழுவுவதுதான் யோசனை. அத்தான் கெடுத்தார். "நாங்களும் வாறம், நடந்தாச் சாப்பாடு செமிக்கும்" என்று சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கோயிலில் ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு யாருடைய பேருக்கு அருச்சனை என்று கேட்டார். நான் இவருடைய பேரையும் நட்சத்திரத்தையும் காதோடு காதாகச் சொன்னேன். ஐயருக்குக் காது மந்தம் என்பது எனக்குத் தெரியாது. பேரை ஒருமுறை, நட்சத்திரத்தை ஒருமுறை, கண்மலர் சாத்துகிற அருச்சனைதானே என்று இன்னொரு முறை, கோயில் முழுக்கக் கேட்கிறமாதிரித் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

இவர் தூணடியில் நின்றார். தட்டில் அந்த இரண்டு வெள்ளிக் கண்களும் மேலே பார்த்தபடி கிடந்தன. அவற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பூசை முடியும்வரை நிமிரவில்லை.

கண்மலர் அருச்சனை என்பதால் ஐயர் வாழையிலையில் கைநிறைய விபூதி அள்ளி வைத்துத் தந்தார். தினமும் காலையிலும் மாலையிலும் பூசவேண்டும் என்றார். அக்கா அதை வாழைநாரால் கட்டித் தந்தா. திரும்பி வந்து தேத்தண்ணி குடித்தோம். மேற்கே வானம் கருங்கல் மாதிரிக் கறுத்து வந்தது. மழை பிடிக்க முதல் போய்விடுவோம் என்று எழும்பினார். அக்கா தந்த பலகாரப் பெட்டியில் தலையை வைத்து மகள் பின்சீட்டில் படுத்துவிட்டாள். நான் விபூதிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினேன்.

புறக்கோட்டை தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. தூறல், பிறகு மழை என்றெல்லாம் இல்லை. ஒரே கொட்டு. சித்திரையில் ஒன்றிரண்டு மழை பெய்தபோது கார் கொட்டகைக்குள் நின்றது. காருக்கு இதுதான் முதல் மழை. ட்ராம் தண்டவாளம் தண்ணீருக்குள் மறைந்துபோய், எது றோட்டு எது ஓரத்துத் தண்ணீர்க் கான் என்று தெரியவில்லை. மாட்டுவண்டிக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரங்கட்டினார்கள். அந்த வைப்பரும் ஒரு குணம் பிடித்த வைப்பர். காரை வேகமாக விட்டால் அது சோர்ந்துவிடும், காலை எடுத்தால் பறக்கும். இவர் காலை எடுத்து எடுத்து ஓட்டினார். அது போய்வந்த இடமெல்லாம் வெளிப்பதற்குப் பதிலாக இன்னும் மங்கியது. நான் மழையைத் திட்டிக்கொண்டு வந்தேன். இவர் கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து, மூச்சுக்கூட விடாமல் ஓட்டினார்.

கோட்டையைத் தாண்டிக் காலிமுகத்துக்கு வந்தோம். வலப்பக்கம் கடல். காற்றும் மழையும் அங்கேயிருந்து அறைந்தன. பொழுதுபடுகிற நேரம், தெருவிளக்குகள் பற்றிவிட்டன. எதிரே ஒரு பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு, எங்களை உரசுகிற மாதிரிப் போனது. இவர் காரை இடப்பக்க ஓரத்துக்கு எடுத்து, நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

"எனக்குத் தெரியேல்லை" என்றார்.

"இந்த மழைக்குள்ள ஆருக்குத்தான் தெரியும்? கொஞ்சம் விட்டாப் போவம்."

"மழை இல்லையப்பா. கண்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"வெளிச்சம் ஒவ்வொண்டையும் சுத்தி வட்டம் தெரியுது. மாசியிலை இருந்து தெரியுது. ஐயாவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது. இண்டைக்கு வட்டம்கூட இல்லை, முன்னுக்கு ஒரே பால் மாதிரிக் கிடக்கு. அந்த பஸ்ஸை நான் காணவேயில்லை. சத்தம் கேட்டுத்தான் வெட்டினனான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு ரிக்‌ஷா பிடிச்சுப் போம். நான் இனி இதைத் தொடக்கூடாது. உமக்குத்தான் தெரியுமே. கண்மலர் வைச்சனீர்தானே."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கந்தோர்க் குரலும் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை. தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளையின் குரல் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் பக்கம் சாய்ந்து தோளைப் பிடித்தேன். சாய்ந்தபடியே முன்னால் பார்த்தேன். அவர் பார்க்கிற கண்ணாடி வழியாக அப்போதுதான் பார்க்கிறேன். காலிமுகத்துத் தெருவிளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக ஒரு வட்டம்.

என் கண்ணும் போகிறதோ என்று ஒருகணம் திடுக்கிட்டுப் போனேன். இது புருஷனிலிருந்து பெண்சாதிக்குத் தொற்றுகிற வருத்தமோ என்றுகூட நினைத்தேன். பைத்தியக்கார நினைவுதான், ஆனால் நினைத்தேன். என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி அதே விளக்கைப் பார்த்தேன். சின்னதாய், மஞ்சளாய், கழுவித் துடைத்துவைத்த மாதிரி ஒரு விளக்கு. வட்டம் கிட்டம் ஒன்றுமில்லை. தலையை உள்ளே இழுத்து முன் கண்ணாடியால் பார்த்தேன். வட்டம். வெளியே நீட்டினேன். வட்டம் இல்லை.

"இஞ்சாருங்கோ, தலையை வெளியில நீட்டிப் பாருங்கோ."

"என்ன விசர்க்கதை?"

"நீட்டுங்கோ எண்டு சொல்லுறன்!"

நான் போட்ட சத்தத்தில் மகள் எழும்பிவிட்டாள். இவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். கடல் மழை முகத்தில் அறைந்தது. கையால் வழித்துவிட்டுப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். உள்ளே வந்து பார்த்தார். திரும்பவும் நீட்டினார்.

"வட்டம் இல்லை" என்றார், மெதுவாக.

"அங்காலை மற்ற விளக்கிலை?"

"அதிலையும் இல்லை." பிறகு, "ஒண்டிலையும் இல்லையப்பா!" என்றார்.

நான் கையை வெளியே விட்டு முன் கண்ணாடியை ஒரு விரலால் வழித்து மூக்கில் வைத்தேன். நல்லெண்ணெய். மிளகும் சீரகமும் போட்டு நான் காய்ச்சின நல்லெண்ணெய். ஒரு இடம் விடாமல் என்றால் இவருடைய கணக்கில் கண்ணாடியும் சேர்த்திதான்.

"கண்ணாடிக்குமோ பூசினீங்கள்?"

"மினுங்கட்டும் எண்டு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னார். நான் சத்தம் போட்டே சிரித்தேன். குசினிக்குள் ஓடவேண்டிய அவசியம் அன்று இருக்கவில்லை. ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் மகளும் சிரித்தாள்.

வீட்டு விளக்கிலே வட்டம் தெரிகிறதா என்று ஒருநாளாவது பார்த்திருக்கக்கூடாதா என்று பிறகு ஒருமுறை கேட்டேன். பார்க்கப் பயந்து, பொழுதுபட்டால் விளக்குப் பக்கம் நிமிர்வதையே விட்டுவிட்டாராம். காருக்குள் மட்டும் பார்க்காமல் இருக்க வழியில்லை.

கண்டுபிடித்தாயிற்று, ஆனால் வீட்டுக்குப் போகவேண்டுமே. இவர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்தார். எண்ணெய் இங்கிருந்து அங்கே போனது, அங்கிருந்து இங்கே வந்தது. மாதக்கணக்கில் ஊறின எண்ணெய் லேஞ்சிக்குப் போகுமா? எண்ணெய்ச் சட்டியைத் துடைத்தா கழுவுவார்கள்? சாம்பல் போட்டுத்தான் கழுவுவார்கள். அப்போதுதான் மடியில் இருந்த பொட்டலம் ஞாபகம் வந்தது.

எடுத்துப் பிரித்தேன். இவர் என் யோசனையை விளங்கிக்கொண்டு, "வேண்டாமப்பா, கோயில் விபூதி" என்றார். எனக்கும் கை கூசியது. இவருடைய நெற்றியில் பூசினேன், மகளுக்குப் பூசினேன், நானும் பூசிக்கொண்டேன். "இவரின்ரை கண்ணுக்குத்தானே தந்தனீர், கண்ணுக்குத்தான் பாவிக்கப்போறன்" என்று அந்தக் கொட்டாஞ்சேனைச் சாமியிடம் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லேஞ்சியில் விபூதியை அள்ளி, மழைத் தண்ணீரோடு குழைத்து, பானை விளக்குகிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். வைப்பர் றப்பரையும் விடவில்லை. மழை அள்ளி அள்ளி ஊற்றிக் கழுவியது.

பாதி தேய்த்திருப்பேன், பின்னாலிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம் விழுந்தது. மழைக்கோட்டுப் போட்ட சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர். "மொகத நோனா?" என்று கேட்டார். என்ன நடக்கிறது என்கிறார். றோட்டோரத்தில், கொட்டுகிற மழையில், நெற்றி நிறையத் திருநீறோடு ஒருத்தி காருக்கும் திருநீறு பூசிக்கொண்டிருந்தால் யாரும் கேட்பார்கள்தானே. என்னுடைய சிங்களம் மரக்கறிச் சந்தைச் சிங்களம். "வீதுருவே தெல், மாத்தயா! தெல்!" என்று கத்தினேன். கண்ணாடியில் எண்ணெய் என்று அவருக்கு விளங்கியதோ, அல்லது இது எங்கள் ஆட்களின் ஏதோ நேர்த்தி என்று நினைத்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நான் தேய்த்து முடியும்வரை டோர்ச்சைக் கண்ணாடியிலேயே பிடித்தபடி மரியாதையாக நின்றார். முடிந்ததும் "ஹொந்தய், ஹெமின் யன்ன" என்றார். நல்லது, மெதுவாகப் போங்கள் என்று அர்த்தம்.

நான் சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தேன். எங்கள் மூச்சில் உள்பக்கம் புகைகட்டியிருந்ததையும் துடைத்து, இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் விரலளவு இறக்கிவிட்டேன். இவர் எஞ்சினை எடுத்தார். வைப்பர் ஒருமுறை போய் வந்தது. அது போய்வந்த இடத்தில் காலிமுக வீதி, அந்தம்வரை விளக்கு விளக்காக, துலக்கமாகத் தெரிந்தது. இவர் உடனே காரை எடுக்கவில்லை. வைப்பர் இன்னும் சிலமுறை போய்வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போன வழியைத்தான் என்னால் மறக்கமுடியாது. முன்னால் போன பஸ் ஒன்றின் சிவப்பு விளக்கைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு, இடைவெளி விட்டு, ஆறுதலாக, மெல்ல ஓட்டினார். மழை குறையவேயில்லை. ஆனால் மனுஷன் வாயை மூடவில்லை. கொள்ளுப்பிட்டியிலிருந்து வழியில் கண்ட கடைப் பலகைகளையெல்லாம் உரத்து வாசித்துக்கொண்டு வந்தார். மருந்துக்கடை, தையல்கடை, கள்ளுத் தவறணை, சைவச் சாப்பாட்டுக்கடை, ஒன்றையும் விடவில்லை. தமிழில் இருந்ததைத் தமிழில், இங்கிலீசில் இருந்ததை இங்கிலீசில். பம்பலப்பிட்டியில் ஒரு பலகையில் சிங்களத்தையும் எழுத்துக் கூட்டினார். மகள் பின்சீட்டில் எழும்பி நின்று ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். நான் ஈரச் சேலையோடு வெடவெடத்துக்கொண்டு இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்நாளில் நான் குளிரில் நடுங்கியதில்லை.

அடுத்த கிழமை அவராகவே கண்ணாஸ்பத்திரிக்குப் போனார். டொக்டர் மருந்து விட்டு, விளக்குப் பிடித்து எல்லாம் பார்த்துவிட்டு, தகப்பனின் வருத்தத்துக்கு ஒரு அடையாளமும் இல்லை, வருடாவருடம் வந்து காட்டினால் போதும், வாசிக்கிறதுக்கு மட்டும் ஒரு மூக்குக்கண்ணாடி போடலாம் என்றாராம். கலண்டர் எழுத்து மங்கினது அதனால்தான். சாமி கண்மலரை வாங்கிக்கொண்டு என்ன செய்தது, எண்ணெயைத் துடைத்தது நான்தானே என்று அக்காவிடம் சொன்னேன். சாம்பலை ஆர் தந்தது என்று அக்கா கேட்டா.

ஆனால் அந்த மழைநாள் பின்னேரம் இன்னும் முடியவில்லை. நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது ஒழுங்கை முழுக்க இருட்டு. மழையில் கரண்ட் போயிருந்தது. வாசலில் நான் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"நில்லும், நான் போய் லாம்பைக் கொளுத்திக்கொண்டு வாறன்" என்று இவர் உள்ளே போனார்.

நான் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். அந்த நடையிலே தையல் மெஷின் இருக்கிறது. மகளின் மூன்றுசில்லுச் சைக்கிள் குறுக்கே கிடக்கிறது. குசினி வாசலில் ஒரு உயரப் படி, பகலிலேயே நான் காலை அடித்துக்கொள்கிற படி. எதிலாவது மோதிக்கொண்டு கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. காலடி மட்டும், தயங்காமல், ஒரே அளவாகப் போனது. படியில் ஏறியது. பிறகு நெருப்புக்குச்சி உரசுகிற சத்தம்.

நெருப்புப்பெட்டியை நான் வைப்பது குசினியின் மேல்தட்டில், உப்பு வைக்கிற மண்முட்டிக்குப் பின்னால், மகளுக்கு எட்டாமல். இவர் தண்ணீர் குடிக்கக்கூடக் குசினிக்குள் வராத ஆள். அந்த இடத்தை நான் அவருக்குச் சொன்னதேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி அவர் தானாகவே பழகி வைத்திருக்கிறார்.

லாம்போடு சிரித்துக்கொண்டு வந்தார். முகம் முழுக்க வெளிச்சம். நான் மகளை இறக்கிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினேன். அடக்கமுடியவில்லை.

"எல்லாம் நல்லாத் தெரியுதுதானே. இப்ப ஏன் அழுறீர்?" என்றார்.

அவருடைய மற்றக் கையில் இருந்த நெருப்புப்பெட்டியைக் காட்டினேன். அதைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய், எடுத்த இடத்திலேயே, உப்பு முட்டிக்குப் பின்னால், லாம்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து வைத்துவிட்டு வந்தார்.